பிடி அரிசிய நிறுத்திட்டு கியூஆர் கோடு ஒட்டலாமா? மிசோரம் கதை தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

நெல்லைக்காரன்_87

எல்லாருக்கும் வணக்கம். தலைப்ப பார்த்து சிரிக்காதீங்க, எங்க சபையில இப்ப நிஜமாவே இதான் சண்ட. நமக்கு பாளையங்கோட்ட பக்கத்துல ஒரு கிராமம், வேல கோயம்புத்தூர்ல, மாசம் ரெண்டு தடவ ஊருக்கு வருவேன். எங்க ஊர்ல ஆச்சி காலத்துல இருந்தே பிடி அரிசி உண்டு. தெரியாதவங்களுக்காக சொல்லுதேன், உலை வைக்க அரிசி அளந்ததும் களையுறதுக்கு முன்னாடி அதுல இருந்து ஒரு கை எடுத்து அடுப்பு பக்கத்துல இருக்க டப்பால போட்டுருவாங்க, ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வரும்போது அத மஞ்சப்பையில கொண்டாந்து வாசல்ல இருக்க பெரிய சட்டியில கொட்டுவாங்க, ஆராதன முடிஞ்சதும் வெளிய வேப்பமரத்தடியில ஏலம். வர்ற காசு மிஷனரி ஊழியத்துக்கு.

போன மாசம் கமிட்டில ஒரு அண்ணன் எந்திரிச்சு, இப்ப இருபது வீட்ல இருந்துதான் வருது, அதுலயும் பாதி ரேஷன் அரிசி, ஏலத்துல எடுக்க ஆளே இல்ல, ஒரு வருசம் சேர்ந்தாலும் துபாய்ல இருக்க ஒரு தம்பி ஜிபேல போடுற காசு வராது, பேசாம கியூஆர் கோடு ஒட்டிட்டு இத நிறுத்திருவோம்னு சொல்லிட்டாரு. கணக்குப்படி பார்த்தா அவர் சொல்றது கரெக்ட்தான். ஆனா எனக்கு மனசு கேக்கல, பதிலும் வரல.

அதுக்கு முந்துன வாரம் மிஷனரி ஞாயிறுக்கு வந்த ஒரு பிரசங்கியார் மிசோரம்ல மொத்த மாநிலமே பிடி அரிசியிலதான் மிஷனரி அனுப்புதுன்னு சொன்னாரு. நெசமா இல்ல பிரசங்கத்துக்காக ஊதுனதா? அங்க அது எப்படித்தான் நடக்கு? வெளிநாட்டு காச நம்பாம சபை வளர்ந்தது வேற எங்கயாவது இருக்கா? வாட்ஸப் ஃபார்வர்ட் வேண்டாம் ப்ளீஸ், அது எங்க குரூப்லயே தேவைக்கு மேல கிடக்கு.

அய்சால்_வாசி

ப்ரோ, நான் மிசோரம் தலைநகர் அய்சால்ல ஏழு வருசமா இருக்கேன், சென்ட்ரல் கவர்மெண்ட் வேல, சொந்த ஊர் விருதுநகர். ஊதுனது இல்ல, உண்மதான். இங்க அதுக்கு புஃபாய் தாம்னு பேரு, புஃபாய்னா அரிசி, தாம்னா கைப்பிடி, அப்படியே நம்ம பிடி அரிசிதான். 1910 வாக்குல ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் நடக்குது.

எங்க வீட்டு ஓனரம்மா ரோட்டுக்கு கீழ்மாடியில இருக்காங்க (இங்க மலச்சரிவுல வீடு, ரோட்டுல இருந்து பார்த்தா ஒரு மாடி, பின்னாடி எட்டிப் பார்த்தா நாலு மாடி கீழ போகும்). அவங்க கிச்சன்ல எலக்ட்ரிக் ரைஸ் குக்கர்தான், கப்புல அளந்து பாத்திரத்துல போடுறாங்க, அப்புறம் அதுல இருந்தே ஒரு பிடி திரும்ப எடுத்து பக்கத்துல இருக்க டின்ல போடுறாங்க. ஒருநாள் கேட்டேன், தனியா எடுத்து வைக்க வேண்டியதுதானே, ஏன் பாத்திரத்துல போட்டுட்டு எடுக்குறீங்கன்னு. சாப்பாட்டுல இருந்து போகணும்ல, மூட்டையில இருந்து போனா அது என்ன காணிக்கன்னு கேட்டுட்டு அவங்க பாட்டுக்கு வேலைய பார்க்க போயிட்டாங்க. இங்க காலைல ஒம்போது மணிக்கு ஒரு சாப்பாடு, சாயங்காலம் இருட்டுறதுக்குள்ள ஒரு சாப்பாடு, ரெண்டும் சோறுதான், அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு பிடி.

வாரத்துல ஒரு நாள் சபை பெண்கள் ரெண்டு மூணு பேர் பையோட வீடு வீடா வந்து வாங்கிட்டு போறாங்க. படிக்கட்டு ஏறி இறங்கி மூட்ட தூக்குறதுல எனக்கெல்லாம் மூச்சு வாங்கும், அவங்க சிரிச்சு பேசிட்டே போவாங்க. சபையில கொட்டி அளந்து எழுதி வச்சு வித்துடுவாங்க, வாங்குறதும் பெரும்பாலும் சபைக்காரங்கதான், அதாவது தன் அரிசிய தானே காசு கொடுத்து வாங்குற மாதிரி. கிராமத்துல அரிசி மட்டும் இல்ல, விறகு, காய்கறின்னும் கொடுக்குறாங்க. இப்படி சேர்ந்ததும் காணிக்கையும் சேர்த்துதான் பிரஸ்பிட்டேரியன் சபை, பாப்டிஸ்ட் சபை ரெண்டும் வெளி மாநிலங்களுக்கு ஆள் அனுப்புது, ஆயிரக்கணக்குல. 2011 சென்சஸ் படி மொத்த மாநிலத்துக்கே 11 லட்சம் பேர் கிட்டதான், நம்ம ஒரு பெரிய தாலுகா ரெண்டு சேர்த்தா வந்துடும், அதுல இருந்து இத்தன பேர் போறாங்கன்னா யோசிச்சுக்கோங்க.

ஆனா ஒண்ணு, பிரசங்கத்துல ரெண்டு வெள்ளக்காரர் வந்தாங்க எல்லாரும் மாறிட்டாங்கன்னு சொல்லிருப்பாங்க, அது சும்மா. லொரைன், சேவிட்ஜ்னு ரெண்டு பேர், சில்சார்ல இருந்து படகுல வந்து 1894 ஜனவரி 11 சாய்ராங்ல இறங்குனாங்க, அந்த நாள் இன்னிக்கும் இங்க மிஷனரி தினம்னு அரசு விடுமுறை. அவங்கள அனுப்புனது லீட்ஸ்ல இருந்த ஆர்திங்டன்னு ஒரு பணக்காரர், அவருக்கு ஒரு இடத்துல சொல்லிட்டு அடுத்த இடத்துக்கு போயிட்டே இருக்கணும், உக்காரக் கூடாது. அதனால நாலு வருசத்துல கிளம்ப வேண்டியதா போச்சு. அந்த நாலு வருசத்துல ஒருத்தருக்கு கூட ஞானஸ்நானம் கிடையாது! செஞ்சதெல்லாம் எழுத்தே இல்லாத பாஷைக்கு ரோமன் எழுத்துல அரிச்சுவடி போட்டது, ரெண்டு பையன்கள வச்சு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது, இலக்கணமும் அகராதியும் எழுதுனது, சுவிசேஷ புஸ்தகம் சிலத மொழிபெயர்த்தது, அவ்வளவுதான். லொரைனுக்கு இங்க பூ புவாங்கா, சேவிட்ஜுக்கு சாப் உபான்னு பேரு, சின்னப் பசங்களுக்கு கூட தெரியும்.

அப்புறம் வேல்ஸ்ல இருந்து ஆள் வந்தாங்க, 1899ல தான் முதல் ஞானஸ்நானம், ரெண்டே பேர். 1901 சென்சஸ்ல மொத்த மலைக்கும் 45 கிறிஸ்தவங்க. 1921ல 27 ஆயிரத்துக்கு மேல. இந்த இருபது வருசத்துல நடந்தத செஞ்சது பெரும்பாலும் மிசோக்காரங்களேதான், ஒரு கிராமத்துல கேட்டவன் அடுத்த கிராமத்துக்கு நடந்து போய் சொன்னது. நேர்கோடா வளர்ந்தது கூட கிடையாது. 1906ல எழுப்புதல் (சபையில திடீர்னு பக்தி அலை மாதிரி கிளம்புறது) வந்துச்சு, ஒடனே 1908ல பூமா ஸாய்னு ஒரு பாட்டு மலை முழுக்க பரவுது, ஊர் ஊரா பாடி ஆடி விருந்து வச்சு புது மதத்த காலி பண்ணிடுற அளவுக்கு போச்சு. அதுக்கப்புறம் 1911-12ல மௌதாம், மூங்கில் ஒரேயடியா பூத்து எலி பெருகி விளைச்சல் பூரா தின்னு பஞ்சம். பாட்டும் விருந்தும் அதோட அடங்கிடுச்சு, பஞ்சத்துல சோறு கொடுத்தவங்கள ஜனங்க மறக்கல.

பஞ்சத்துலயும் அந்த கைப்பிடி அரிசிய நிறுத்தலன்னு இங்க பெரியவங்க பெருமையா சொல்வாங்க. அது எந்த அளவுக்கு சரின்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், சொல்ற அந்த முகத்த பார்த்தா எதிர்த்து கேக்க தோணாது.

பழைய_புத்தகப்_பிரியன்

மிசோரம் வரைக்கும் எதுக்கு போகணும், உங்க ஊர்லயே பதில் இருக்கு. நீங்க பாளையங்கோட்டன்னு சொன்னதும்தான் இத எழுதணும்னு தோணுச்சு.

1903ல உங்க பாளையங்கோட்டையிலதான் இந்திய மிஷனரி சங்கம், ஐஎம்எஸ், ஆரம்பிச்சாங்க. அதுக்கு வச்ச கொள்க என்னன்னா ஆள் இந்தியன், பணம் இந்தியப் பணம், நிர்வாகம் இந்தியன். வெள்ளக்காரன் ஆட்சியில, சபையில முக்கியமான நாற்காலி எல்லாம் வெள்ளக்காரன் உக்காந்திருக்கும்போது இப்படி ஒண்ண எழுதி வைக்க தைரியம் வேணும். பனை ஏறுற வீடும் வயக்காட்டு வீடும் கொடுத்த சில்லறையில தெலுங்கு தேசத்துக்கு ஆள் அனுப்புனாங்க, நிஜாம் ராஜ்யத்துல தோர்ணகல்னு ஒரு ரயில்வே ஜங்ஷன் பக்கம். திருநெல்வேலிக்காரனுக்கு அந்த காலத்துல தோர்ணகல்னா அது வெளிநாடுதான், பாஷ வேற, சாப்பாடு வேற, ராஜா வேற.

இதுக்கெல்லாம் பின்னாடி நின்னவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளைக்காரர், 1874ல பிறந்தவர். மத்தவங்கள அனுப்பிட்டு நான் ஊர்ல இருந்தா எப்படின்னு 1909ல அவரே தோர்ணகலுக்கு கிளம்பிட்டாரு. 1912ல ஆங்கிலிகன் சபையில முதல் இந்திய பேராயர். பேராயர்னா நமக்கு இப்ப காரும் எஸ்கார்ட்டும் ஞாபகம் வருது (கோவிச்சுக்காதீங்க), அவர் மாட்டு வண்டியிலயும் சைக்கிள்லயும் கிராமம் கிராமமா போனவர். அங்க சேர்ந்தவங்க பெரும்பாலும் மாலா, மாதிகா, ஊருக்கு வெளிய ஒதுக்கி வச்ச ஜனங்க. ஞானஸ்நானம் எடுக்கும்போது அவங்கள தலையில கைய வச்சு நான் சுவிசேஷம் சொல்லாட்டா எனக்கு ஐயோன்னு சொல்ல வைப்பாராம். அதாவது நேத்து வரைக்கும் கேட்டவன் இன்னிக்கு சொல்றவன், சம்பளக்கார உபதேசியாருக்காக காத்திருக்கிற பேச்சே கிடையாது. மேல அய்சால்காரர் சொன்னாரே அடுத்த கிராமத்துக்கு நடந்தே போனாங்கன்னு, அதே கததான் இங்கயும்.

1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாடு பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, உலகம் முழுக்க இருந்து ஆயிரத்துக்கு மேல பிரதிநிதிங்க, அதுல ஆசியா ஆளுங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அங்க இவர் எந்திரிச்சு, நீங்க உங்க சொத்த குடுத்தீங்க, உயிரையும் குடுத்தீங்க, ஆனா எங்கள பக்கத்துல உக்கார வச்சு பழக மாட்டீங்குறீங்களே, எங்களுக்கு சிநேகிதர்கள தாங்கன்னு பேசிட்டாரு. பாதி பேருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அந்த பேச்ச ஆட்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, மத்த பெரிய தீர்மானமெல்லாம் ஃபைல்ல தூங்குது.

தோர்ணகல்ல அவர் கட்டுன பேராலயத்த ஒரு தடவ போய் பாருங்க, 1939ல பிரதிஷ்ட ஆச்சு, இந்து கோயில் சாயலும் மசூதி குவிமாடமும் கலந்து கட்டுனது. கோதிக் ஊசிக்கோபுரம் வேண்டாம்னு வச்சாரு. அவருக்கும் காந்திக்கும் மதமாற்ற விஷயத்துல ஒத்தே வரல, அதுவும் இருக்கு, ஒரு பக்கம் மட்டும் சொன்னா நியாயம் இல்ல. ஆனா கிறிஸ்தவங்களுக்கு தனித் தொகுதி வேண்டாம்னு சொன்ன ஆளும் இவர்தான்.

இதயெல்லாம் உங்க கமிட்டில சொல்லுங்க. அந்த அண்ணனோட தாத்தா கொடுத்த காசும் அந்த 1903 கணக்குல இருந்தாலும் இருக்கும்.

சும்மா_படிக்க_வந்தவன்

நடுவுல வர்றதுக்கு சாரி. நான் இந்து, மயிலாடுதுறை. பிடி அரிசின்னதும் உள்ள வந்தேன், ஏன்னா எங்க பாட்டியும் எடுத்து வைப்பாங்க, காஞ்சி பெரியவர் சொன்ன பிடி அரிசி திட்டம், அது ஏழைங்களுக்கு சாதம் போடறதுக்கு. தினம் ஒரு பிடி, கூடவே கொஞ்சம் சில்லறையும். அதனால இது ஒரு மதத்துக்கு சொந்தமான ஐடியா இல்ல, அரிசி பானை இருக்க எல்லா வீட்லயும் வரும்.

கேள்வி ரெண்டு, சண்டைக்கு இல்ல. ஒண்ணு, நாங்க கேள்விப்படுறதெல்லாம் டாலர் வந்துதான் மதம் மாறுதுன்னு, நீங்க சொல்றது தலைகீழா இருக்கு. ரெண்டாவது, மிசோரம்ல எல்லாம் மாறிப்போனதுல அவங்க பழைய கலாச்சாரம் போயிடுச்சே, அது நஷ்டம் இல்லையா? அத யாரும் பேசல.

அய்சால்_வாசி

நல்ல கேள்வி, தப்பா எடுக்கல. டாலரே வரலன்னு சொன்னா நான் பொய் சொல்றேன். வேல்ஸ்ல இருந்தும் லண்டன்ல இருந்தும் காசு வந்துச்சு, ஆஸ்பத்திரி பள்ளிக்கூடம் எல்லாம் அதுலதான் ஆரம்பம். ஆனா வெளிய ஆள் அனுப்புற செலவு உள்ளூர் காசு. இப்ப கத திரும்பிடுச்சு, வேல்ஸ்ல சபையில வயசானவங்க மட்டும் மிச்சம், அங்கயே மிசோ போதகர அனுப்புனாங்க. நூறு வருசத்துல ரூட்டு ரிவர்ஸ்.

கலாச்சாரம் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. இங்க ஸால்புக்னு வாலிபர்கள் எல்லாம் ராத்திரி சேர்ந்து தூங்குற பொது வீடு இருந்துச்சு, பயலுகளுக்கு ஒழுக்கம் வேட்ட எல்லாம் அங்கதான் படிப்பு, அது பள்ளிக்கூடம் வந்ததும் செல்வாக்கு போய் 1938ல முடிஞ்சே போச்சு. பழைய பாட்டு, விருந்து, அரிசிக் கள்ளு எல்லாத்தையும் சபை ஒதுக்கிடுச்சு, குவாங்னு அவங்க மேளத்தையும் சேர்த்து. கொஞ்ச காலம் வேல்ஸ் ராகத்துல சோல்ஃபா (டோ ரே மி எழுத்துக் குறிப்பு) பார்த்து பாடுனாங்க. ஆனா 1919க்கு அப்புறம் எழுப்புதல்ல பழைய மேளம் திரும்ப கோயிலுக்குள்ளயே வந்துருச்சு, அவங்க கவிஞர்களே அவங்க இழுவ ராகத்துல பாட்டு கட்டுனாங்க, லெங்காம் ஸாய்னு பேரு. சாவு வீட்ல ராத்திரி முழுக்க நடுவுல மேளத்த வச்சு சுத்தி உக்காந்து பாடுவாங்க. நான் முதல் தடவ கேட்டப்ப அர்த்தம் ஒண்ணும் புரியல, ஆனா எங்க ஊர்ல ஒப்பாரி வைக்கிற இழுவ மாதிரியே இருந்துச்சு, எங்க பெரியம்மா ஞாபகம் வந்து எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

இன்னொரு விஷயம், மிஷனரியும் வெள்ளக்கார சர்க்காரும் ஒரே ஆளுங்கன்னு நினைச்சிருப்பீங்க. டாக்டர் பீட்டர் ஃப்ரேசர்னு ஒருத்தர் 1908ல வந்தாரு. தலைவர் வீட்டுல பரம்பரையா அடிமை மாதிரி கட்டுண்டு கிடந்த பாவி ஜனங்க (பாவின்னு தமிழ் அர்த்தம் எடுத்துக்காதீங்க, அந்த முறைக்கு பேரே பாவி, முதல் எழுத்த இங்கிலீஷ் b மாதிரி அழுத்தி சொல்லணும்) விஷயத்துல இது அடிமத்தனம்தான்னு எதிர்த்தாரு. மலை நிர்வாகம் தலைவர்கள பகைச்சுக்க முடியாதுன்னு ஃப்ரேசர கிளப்பி விட்டுருச்சு, 1912ல போயிட்டாரு. பக்கத்து காசி மலையிலயும் இதே மாதிரி, காசி பாஷைக்கு எழுத்து கொடுத்த தாமஸ் ஜோன்ஸ், 1841ல சிரபுஞ்சிக்கு வந்தவர், அங்க வியாபாரம் பூரா கையில வச்சிருந்த வெள்ளக்காரன் ஒருத்தன பகைச்சு, மிஷனும் கைவிட்டு, 1849ல கல்கத்தாவுல செத்தாரு. இப்ப மேகாலயாவுல ஜூன் 22 அவர் பேர்ல லீவு. உயிரோட இருந்தப்ப கைவிட்டுட்டு செத்தப்புறம் லீவு விடுறது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

அன்சான்_தமிழன்

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு படிச்சேன், தூக்கம் போச்சு. நான் கொரியாவுல அன்சான்ல ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஃபேக்டரில இருக்கேன். வெளிநாட்டு காச நம்பாம சபை வளர்ந்தது வேற எங்கயாவது இருக்கான்னு நெல்லைக்காரர் கேட்டதுக்கு இங்க இருந்து ஒரு பதில், நம்ப மாட்டீங்க, இங்கயும் பிடி அரிசி இருந்திருக்கு! சோங்மின்னு பேரு. எங்க ரூம் பக்கத்துல இருக்க ஒரு சர்ச் பாட்டிதான் சொன்னாங்க, அவங்க அம்மா ஒவ்வொரு தடவ சோறு வைக்கும்போதும் வீட்ல இருக்க ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஸ்பூன்னு எடுத்து துணிப்பையில போட்டு வைப்பாங்களாம், போதகர் குடும்பத்துக்கும் ஏழைங்களுக்கும். கைப்பிடிக்கு பதிலா ஸ்பூன், அவ்வளவுதான் வித்தியாசம். காசு இல்லாதவங்க நாளயும் காணிக்கையா கொடுத்திருக்காங்க, நல்யன்போன்னு, இந்த வருசம் நான் இத்தன நாள் பக்கத்து ஊருக்கு போய் சொல்றேன்னு எழுதிக் கொடுத்துட்டு கூலி இல்லாம போறது.

கொரியாவுல மிஷனரி வர்றதுக்கு முன்னாடியே சபை இருந்துச்சு. ஜான் ராஸ்னு ஸ்காட்லாந்துக்காரர் மஞ்சூரியாவுல முக்தென்ல உக்காந்து கொரிய வியாபாரிங்கள வச்சு மொழிபெயர்த்து 1882ல லூக்கா சுவிசேஷம் அடிச்சாரு, அத மூட்டைக்குள்ள மறச்சு கொண்டு வந்து சோரேன்னு ஒரு கடற்கர கிராமத்துல சோ சாங் ரியுன்னு ஒருத்தர் சபையே கூட்டிட்டாரு. அமெரிக்க மிஷனரிங்க அண்டர்வுட், அப்பன்செல்லர் வந்து இறங்குனது 1885ல. அதுக்கப்புறம் 1890ல சீனாவுல இருந்து நீவியஸ்னு ஒரு பெரியவர் ரெண்டு வாரம் வந்து பாடம் எடுத்தாரு, சபை கட்டடம் அவங்க காசுலயே கட்டட்டும், போதகருக்கு அவங்களே சோறு போடட்டும், வெளிநாட்டு காச கையில கொடுத்து கெடுக்காதீங்கன்னு. அதயே பிடிச்சுக்கிட்டாங்க.

இங்க ஒரு கத எனக்கு ரொம்ப பிடிக்கும். பியோங்யாங்ல மொஃபெட்னு ஒரு அமெரிக்க மிஷனரி மேல கல் எறிஞ்ச முரடன் ஈ கி பூங். அவன் பின்னால விசுவாசியாகி 1907ல முதல் ஏழு கொரிய போதகர்ல ஒருத்தரா அபிஷேகம் வாங்கி, அடுத்த வருசம் ஜேஜு தீவுக்கு மிஷனரியா போனாரு. தீவுக்காரங்க இவர வரவேற்கல, விரட்டத்தான் பார்த்தாங்க. தான் எறிஞ்ச கல்லு திரும்பி வருதேன்னு நினைச்சிருப்பாரு மனுசன்.

அதே 1907ல பியோங்யாங்ல பெரிய எழுப்புதல், அந்த ஊர கிழக்கு எருசலேம்னே சொல்லிட்டிருந்தாங்க. இப்ப அங்க நிலம என்னன்னு உங்களுக்கே தெரியும். தெற்குல 2015 சென்சஸ் படி புராட்டஸ்டண்ட் 19.7 சதவீதம், ஆனா மதமே இல்லங்கிறவங்க 56. விடியக்காலம் 5 மணி ஜெபத்துக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது எட்டிப் பார்த்திருக்கேன், பூரா பாட்டிங்கதான். பசங்க யாரும் இல்ல. கியூஆர் கோடு மட்டும் எல்லா பெஞ்ச் முதுகுலயும் ஒட்டியிருக்கு 😅

மேரி_சித்தி

தம்பி நெல்லைக்காரா, எல்லாரும் வரலாறு சொல்லிட்டாங்க, நான் டப்பாவ பத்தி சொல்லுதேன். நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துல பதினாலு வருசம் செயலாளரா இருந்தவ.

உங்க ஊர்ல இருபது வீடா குறைஞ்சதுக்கு காரணம் பக்தி குறைஞ்சது இல்ல. வண்டு. இப்ப ரெண்டு பேர் இருக்க வீட்ல ஒரு வாரத்துக்கு அரக்கிலோ கூட சேராது, மூணு வாரம் வச்சா வண்டு விழுந்துரும், வெக்கப்பட்டு கொண்டு வரமாட்டாங்க. நாங்க டப்பாவுல நாலு காஞ்ச மிளகாயும் வேப்பிலையும் போட சொன்னோம், வாரா வாரம் கண்டிப்பா நாங்களே வீட்டுக்கு போய் வாங்குனோம், மிசோரம்ல செய்யுறாங்கன்னு அந்த தம்பி எழுதிருக்கே அதே மாதிரி. கொண்டு வான்னா வராது, போய் வாங்குனா வரும். அடுத்தது, புழுங்கலும் பச்சையும் ரேஷனும் ஒரே சட்டியில கொட்டுனா யாரு ஏலம் எடுப்பா? மூணு சட்டி வைங்க. பச்சரிசிய ஆப்பத்துக்குன்னு போட்டி போட்டு எடுப்பாங்க, ரேஷன் அரிசிய கோழிக்கும் மாட்டுக்கும் எடுக்க ஆளு உண்டு, இல்லாட்டி அசனத்துக்கு (கோயில் பொதுப் பந்திக்கு) ஒதுக்குங்க.

கமிட்டில எத்தன பொம்பளைங்க இருக்கோம்? அந்த ஜிபே ஃபோன் வீட்ல யாரு கையில இருக்கு? எங்க ஊர்ல பீடி சுத்துற பிள்ளைங்களுக்கு அரிசி பானை ஒண்ணுதான் புருசன்கிட்ட கேக்காம கை விடக்கூடிய இடம். அதையும் எடுத்துட்டு கியூஆர் கோட காட்டுனா அவ எத வச்சு கொடுப்பா? கியூஆர் வைக்கட்டும், வேண்டாங்கல, சட்டிய ஏன் எடுக்கணும்?

எங்க கொழுந்தனார் குடும்பம் பதினோரு வருசம் ராஜ்மகால் மலையில இருந்தாங்க, ஜார்கண்ட்ல, மால்தோ ஜனங்க நடுவுல. காட்டு மலேரியா, காலா அசார்னு மணல் ஈ கடிச்சு வர்ற காய்ச்சல், வயிறு வீங்கி கறுத்து போவாங்க, அதுக்கு ஊசி போட ஆஸ்பத்திரி போகவே ஒரு நாள் நடக்கணும். முதல் மூணு வருசம் ஒருத்தரும் கோயிலுக்கு வரல, மாத்திர வாங்க மட்டும் வந்தாங்க. கொழுந்தனார் பொஞ்சாதி பேசுன மால்தோவ கேட்டா நமக்கு பாதி தமிழ் மாதிரி காதுல விழும், அதுவும் நம்ம திராவிட பாஷை இனம்தானாம், கண்ணுக்கு அவங்க சொல்றதே நம்ம கண்ணு மாதிரிதான். அனுப்புன சங்கத்துல இருந்து சில மாசம் பணம் வராது, பேர் எதுக்கு, அப்ப நாங்க இங்க இருந்து மணியார்டர் அனுப்புவோம், பிடி அரிசி வித்த காசு நூத்திச்சொச்சம். அந்த ஒரு ரசீத அவ இன்னும் பைபிள்ல வச்சிருக்கா. ஜிபேயில ரசீது எங்க வைக்க?

பழைய_புத்தகப்_பிரியன்

சித்திக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. மூணு சட்டி ஐடியா சூப்பர்.

சும்மா_படிக்க_வந்தவன்

எங்க பாட்டி டப்பாவுலயும் காஞ்ச மிளகாதான். ஒப்பாரி விஷயம் எழுதுனதுக்கு நன்றி அய்சால் சார், அந்த பாட்ட தேடி கேக்குறேன்.

நெல்லைக்காரன்_87

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நினைக்கல. வெள்ளாளன்விளை எங்க ஊர்ல இருந்து ஒன்றரை மணி நேரம், இத்தன வருசத்துல ஒரு தடவ கூட போனதில்ல.

நேத்து ஊருக்கு வந்தேன். அம்மாட்ட கேட்டேன், ஏம்மா நம்ம வீட்லயும் ரேஷன் அரிசியத்தான் போடுதியா, கமிட்டில அத வச்சுதான் பேசுதாங்கன்னு. அம்மா வெங்காயம் உரிச்சுகிட்டே நிமிர்ந்து கூட பாக்கல. நீ வந்தாதானடா பொன்னி, மத்த நாளு நானும் அப்பாவும் திங்கது அதான, திங்கதுல இருந்துதான எடுக்கணும்னு சொல்லிட்டு, போய் தண்ணி மோட்டார போடுன்னுட்டா.

அய்சால்ல இருக்க ஓனரம்மா சொன்னதும் எங்கம்மா சொன்னதும் ஒண்ணு. நான் மோட்டார போட்டுட்டு அங்கனயே கொஞ்ச நேரம் நின்னேன்.

கமிட்டி அடுத்த ஞாயிறு. மேரி சித்தி சொன்ன மூணு சட்டிய எழுதி எங்க போதகர் ஐயர்ட்ட கொடுத்திருக்கேன், கியூஆர் கோடும் இருக்கட்டும்னு. ஏலத்துல ரேஷன் அரிசிய எடுக்க ஆளு இல்லன்னாங்கல்லா, இந்த வாரம் நான் எடுக்கேன், பொன்னி விலைக்கு கேக்கப்போறேன். எங்க ஊர்ல கோழி வளக்குறவங்க யாராவது இருந்தா முன்னாடியே சொல்லி வைங்க.